வந்த கடிதத்தை என்ன செய்வது? சிற்றிதழ் நடத்துபவர்களுக்கு

இதழைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் எழுதமாட்டார்கள். எழுதுகிறவர் ஒருவர் கார்டு வாங்க அஞ்சலகம்வரை நடந்திருக்கிறார், பேனா தேடியிருக்கிறார், உங்கள் முகவரியைப் பார்த்து எழுதி, பின்கோடு சரியா என்று ஒருமுறை பார்த்து, பெட்டியில் போட்டிருக்கிறார். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ ஆனாலும் அரைமணி நேரம் உங்கள் இதழுக்காக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முதலில் தெரியவேண்டியது, கடிதம் போய்ச் சேர்ந்தது, யாரோ அதை முழுதாகப் படித்தார்கள் என்பதுதான். அச்சில் வருவது அதற்கு அடுத்தது. கடிதப் பகுதி செத்துப்போன இதழ்களில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது பக்கம் அல்ல, பதில் போடும் பழக்கம். அதனால் இந்தக் குறிப்பில் பாதி, அச்சுக்கு வராத வேலைகளைப் பற்றியது.

பிரிப்பதும் பதிவதும்

இன்லேண்ட் லெட்டரை விரலை விட்டுக் கிழிக்காதீர்கள். இடம் போதாமல் கடைசி நாலைந்து வரியை மடிப்பின் ஓரத்தில், பசை தடவிய நாக்கை ஒட்டிப் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். விரலால் கிழித்தால் அந்த வரிகள்தான் போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எழுத்து எதுவரை ஓடுகிறது என்று தெரியும். பிறகு ஸ்கேலையோ மழுங்கிய கத்தியையோ மடிப்புக்குள் விட்டு மெதுவாகத் திறக்கலாம். பசை பிடித்துக்கொண்டு வராவிட்டால் ஈரத்துணியை ஓரத்தில் மட்டும் ஒற்றிவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் விடும். ஆனால் மைப்பேனாவால் எழுதியிருந்தால் ஈரம் ஆகாது. அந்தப் பொடி எழுத்து வரிகளில்தான் பெரும்பாலும் "இரண்டு மாதமாக இதழ் வரவில்லை" என்பது இருக்கும். கட்டுரையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, தன் புகாரைக் கூச்சத்தோடு கடைசியில் வைக்கிறவர்கள் நம் வாசகர்கள். கடைசி வரிவரை படிக்காமல் எந்தக் கடிதத்தையும் கீழே வைக்காதீர்கள்.

கவரில் வந்ததென்றால் கவரையும் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். உள்ளே பெயர் மட்டும் இருக்கும், முழு முகவரி கவரின் பின்பக்கத்தில்தான் இருக்கும். முத்திரைத் தேதியும் அங்கேதான்.

நீளவாக்கு நோட்டு ஒன்று போதும், 200 பக்கம். கணினியில் எக்செல் வைத்திருந்தாலும் சரி. கட்டங்கள் இவை: வரிசை எண், வந்த தேதி, முத்திரைத் தேதி, பெயர், ஊரும் பின்கோடும், எந்த இதழின் எந்தப் படைப்பைப் பற்றி, பதில் போட்ட தேதி, வெளியான இதழ், குறிப்பு. வந்த தேதியையும் முத்திரைத் தேதியையும் தனித்தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் பத்து நாள் எடுத்துக்கொள்கிறதென்றால், உங்கள் இதழும் அங்கே போய்ச் சேரப் பத்து நாள் ஆகிறது என்று பொருள். அந்த வாசகரின் "தாமதமான" கடிதம் உண்மையில் தாமதமே அல்ல. வரிசை எண்ணைக் கடிதத்தின் வலது மேல் மூலையில் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதினால், பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு அது வாசகர் எழுதியதா நீங்கள் எழுதியதா என்று தெரியாது. குண்டூசியும் ஸ்டேப்ளரும் வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள்.

மின்னஞ்சலில் வருவதையும் இதே நோட்டில் ஏற்றுங்கள். சில கடிதங்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைபோலத் திரையில் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டி அனுப்பியிருப்பார்கள், இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தவர்களிடமிருந்தும் இப்படி வருவது இன்னும் உண்டு. அழித்துவிடாதீர்கள். பாமினியை யூனிகோடாக மாற்றும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் எண்களையும் மேற்கோள் குறிகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், பிசகுவது அங்கேதான்.

வாட்ஸ்அப் வேறு விதம். அதில் எழுதுகிறவர் உங்களிடம் பேசுகிறார், இதழுக்கு எழுதவில்லை. பிடித்திருந்தால் "இதை இதழில் கடிதமாகப் போடலாமா, பெயரும் ஊரும் எப்படிப் போட வேண்டும்?" என்று கேட்டு, சம்மதம் எழுத்தில் வந்தபிறகே எடுங்கள். குரல்பதிவாக வந்தால் எழுதி எடுத்து அவருக்கே அனுப்பி, "இப்படிப் போகலாமா" என்று கேளுங்கள். பேச்சில் சரியாக இருப்பது எழுத்தில் சண்டைபோலத் தெரியும். அதை அவரே பார்த்துச் சரிசெய்வார்.

பதில்: ஏழு நாளுக்குள்

சந்தா, இதழ் வராதது, முகவரி மாற்றம் ஆகியவற்றை அன்றைக்கே முடிக்க வேண்டும். விடுபட்ட இதழை மறுதபாலில் அனுப்பிவிட்டு "அனுப்பிவிட்டோம்" என்று எழுதுங்கள். "விசாரிக்கிறோம்" என்று எழுதுவதால் யாருக்கும் இதழ் கிடைப்பதில்லை. மற்ற எல்லாக் கடிதத்துக்கும் ஏழு நாள் கெடு வையுங்கள். அதற்குமேல் போனால் குற்ற உணர்ச்சியில் நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றும். நீளமாக எழுத நேரம் கிடைக்காது. கடைசியில் எழுதவே மாட்டீர்கள்.

பதிலுக்கு அஞ்சலட்டை போதும், 50 காசு. தமிழில் அறுபது எழுபது சொல் அதில் கொள்ளும். எழுத்தாளர் வல்லிக்கண்ணன் முன்பின் அறியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் கார்டில் எழுதினார். அவர் கையெழுத்தில் வந்த கார்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். நீளத்துக்காக யாரும் அவற்றை வைத்திருக்கவில்லை. தன் எழுத்தை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பதற்கு அந்தக் கார்டு சாட்சி.

அதை உங்கள் பதிலிலும் காட்ட ஒரே வழி, அவர் கடிதத்தில் இருந்த ஒரு குறிப்பான விஷயத்தைப் பெயர் சொல்லி எழுதுவது. "தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று அச்சடித்து வைத்து அனுப்புவதைவிட அனுப்பாமலிருப்பது மேல்.

ஒரு மாதிரி. ஏற்றப்பாட்டு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு இப்படி ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (ஏற்றமும் கமலையும் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பழைய முறைகள், சால் என்பது தண்ணீர் மொள்ளும் பெரிய வாளி):

"ஏற்றப்பாட்டுக் கட்டுரை படித்தேன். நன்றாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலம் கண்முன் வந்தது. ஆனால் கட்டுரையாளர் ஏற்றத்தையும் கமலையையும் ஒன்றென்று நினைத்துவிட்டார். ஏற்றத்தில் ஆள்தான் மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கமலையில் மாடு. இறங்குபாதையில் போய்ச் சாலை மேலே இழுக்கும், பிறகு பின்னோக்கி ஏறிவரும். என் மைத்துனர் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டுப் பக்கம் போனபோதுதான் ஏற்றம் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. பேருந்து வசதி கிடையாது, நடந்தே போனோம். எங்கள் ஊரில் எல்லாம் கமலைதான், சிலர் கவலை என்பார்கள். படத்தில் இருப்பதும் கமலை, கீழே ஏற்றம் என்று போட்டிருக்கிறீர்கள்."

இதற்குக் கார்டில் எழுத வேண்டியது: "ஐயா, வணக்கம். ஏற்றமும் கமலையும் வேறென்று நீங்கள் எழுதியது சரி. படத்தின் கீழே தவறாகப் போட்டது எங்கள் பிழை, அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுகிறோம். மாடு பின்னோக்கி ஏறிவருவதை எழுதியிருந்தீர்கள். அப்போது மாட்டை ஓட்டுகிறவர் எங்கே நிற்பார்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்."

கடைசியில் இருக்கும் கேள்வியைக் கவனியுங்கள். அதற்குப் பதில் தெரிந்தவர் அவர்தான், உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. இப்படிக் கேட்டால் அடுத்த கடிதம் வரும், சில சமயம் ஒரு கட்டுரையே வரும். மரியாதைக்காகக் கேட்கிற கேள்வியை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"கடிதம் வெளியாகும்" என்று மட்டும் கார்டில் எழுதாதீர்கள். கடைசி நேரத்தில் இடம் போய்விட்டால் அந்த ஒரு வரி வாக்குத் தவறியதாகிவிடும். திருத்தம் வெளியிடுவோம் என்று எழுதலாம், ஏனென்றால் அதை எப்படியும் வெளியிட்டே ஆக வேண்டும்.

எப்படி அழைப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். பெயரிலிருந்து வயதோ ஆணா பெண்ணா என்பதோ தெரியாதபோது "அன்புள்ள" என்று பெயரைப் போட்டு எழுதுங்கள். அவர் கடிதத்தில் "அண்ணா" என்று எழுதியிருந்தால் நீங்கள் "தம்பி" என்று திருப்பிக் கூப்பிட வேண்டும் என்றில்லை, அவர் உங்களைவிட மூத்தவராகவும் இருக்கலாம்.

எதைப் போடுவது

பக்கக் கணக்கைத் தெரிந்துகொண்டு தேர்வில் இறங்குங்கள். டெமி அளவில் (வழக்கமான நூல் அளவு) 11 புள்ளி எழுத்தும் 14 புள்ளி வரியிடைவெளியும் வைத்தால் ஒரு பக்கத்தில் சுமார் 250 சொல் நிற்கும். அதைவிடப் பெரிய கிரவுன் கால் அளவில் இரண்டு பத்தியாக 10 புள்ளியில் போட்டால் 450 வரை போகும். டெமியில் மூன்று பக்கம் ஒதுக்கினால் 80 சொல் கடிதம் ஆறேழும், 200 சொல் கடிதம் ஒன்றும் கொள்ளும். கடிதத்துக்கென்று எழுத்தளவைக் குறைத்து 9 புள்ளியில் திணிக்காதீர்கள். கட்டுரைக்கு ஒரு நியாயம், கடிதத்துக்கு ஒரு நியாயம் என்று வாசகர் புரிந்துகொள்வார்.

இதைவிடப் பெரிய சிக்கல் கெடு. முதல் தேதி தபாலில் போடும் மாத இதழ் உள்ளடங்கிய ஊர்களுக்கு ஐந்தாம் தேதிக்குமேல் போகிறது. படித்து எழுதப் பத்து நாள், கடிதம் வரச் சில நாள். இருபதாம் தேதி வாக்கில்தான் கடிதம் கைக்கு வரும். நீங்கள் பதினைந்தாம் தேதியே பக்கங்களை மூடிவிட்டால், ஜனவரி இதழைப் பற்றிய கடிதம் மார்ச்சில்தான் வெளியாகும். அதற்குள் எல்லோருக்கும் கட்டுரையே மறந்திருக்கும். இதற்கு அச்சகத்திலேயே வழி இருக்கிறது. 64 பக்க இதழ் என்றால் 16 பக்கம் வீதம் நாலு ஃபார்ம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. நடுவில் பின் அடிக்கும் இதழில் ஃபார்ம்கள் ஒன்றுக்குள் ஒன்று சொருகப்படுவதால், வெளி ஃபார்மில் 1 முதல் 8 வரையும் 57 முதல் 64 வரையும் உள்ள பக்கங்கள் சேர்ந்து வரும். உள்ளடக்கப் பக்கம் எப்படியும் கடைசியில்தான் முடியும், அது இந்த ஃபார்மில் இருக்கிறது. கடிதங்களையும் 4 முதல் 6 வரையுள்ள பக்கங்களிலோ, 60க்கு மேலோ வைத்துவிட்டு, "வெளி ஃபார்மைக் கடைசியாக ஓட்டுங்கள்" என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். நாலைந்து நாள் கூடுதலாகக் கிடைக்கும். கடிதப் பக்கம் உயிரோடு இருப்பதற்கு அந்த நாலைந்து நாள் போதும்.

தேர்வில் முதலிடம் பிழை சுட்டும் கடிதங்களுக்கு. இரண்டாவது, கட்டுரையில் இல்லாத தகவல் தருபவை. மூன்றாவது, காரணத்தோடு மறுப்பவை. பாராட்டு மட்டும் உள்ளவற்றுக்கு நன்றிக் கார்டு போதும். அதில் ஒரு வரி அருமையாக இருந்தால் அந்த வரியை மட்டும் பெயரோடு எடுக்கலாம். பாராட்டாகவே மூன்று பக்கம் நிறைத்தால், மறுப்பு எழுத நினைத்தவர் "இங்கே அதற்கு இடமில்லை" என்று பேனாவை மூடிவிடுவார். அதே சமயம் வந்தது எப்படியோ பக்கமும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு வந்த பத்தில் ஏழு எதிர்ப்பு என்றால், தரப்புக்கு ஒன்று என்று போட்டுச் சமன் செய்வது பொய்க்கணக்கு.

கடிதம் வராத மாதம் பக்கத்தை எடுத்துவிடுங்கள். தாங்களே புனைபெயரில் எழுதிக்கொள்ளும் வேலை மட்டும் கூடவே கூடாது. உங்கள் நடையை மாதாமாதம் படிக்கிறவர்கள் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப்பின் உண்மையான கடிதத்தையும் நம்பமாட்டார்கள்.

ஒருவரே ஒவ்வொரு இதழுக்கும் எழுதுவார். எல்லா இதழுக்கும் ஒருவர் உண்டு. அவரைக் கேலியாக நினைக்கும் பழக்கம் உதவி ஆசிரியர்களுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதழை அட்டை முதல் அட்டைவரை படிக்கிறவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு இதழில் போடுங்கள், அதை அவருக்கே எழுதிச் சொல்லுங்கள்: "புதியவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதால் இம்முறை உங்களுடையதை எடுக்கவில்லை, ஆனால் நாலாம் பத்தியில் நீங்கள் சொன்னதைக் கட்டுரையாளருக்கு அனுப்பியிருக்கிறோம்."

வெட்டுவது

வாசகருக்கும் இதழுக்கும் உறவு முறிவது பெரும்பாலும் இங்கேதான். மேலே உள்ள கமலைக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். இடம் 50 சொல்லுக்குத்தான் இருக்கிறது.

முதல் தவறான வெட்டு: "ஏற்றப்பாட்டுக் கட்டுரை நன்றாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலம் கண்முன் வந்தது." இதில் அவர் எழுதாத சொல் ஒன்றுமில்லை. ஆனாலும் இது அவர் கடிதம் இல்லை. "ஆனால்" என்ற சொல்லுக்குமேல் இருந்ததை வைத்துக்கொண்டு, அவர் எதற்காக எழுதினாரோ அதை எறிந்தாகிவிட்டது.

இரண்டாவது தவறு: "கட்டுரையாளர் ஏற்றத்தையும் கமலையையும் ஒன்றென்று நினைத்துவிட்டார். படத்தில் இருப்பதும் கமலை, கீழே ஏற்றம் என்று போட்டிருக்கிறீர்கள்." இப்போது நிதானமாக விளக்கிய மனிதர் குற்றம் மட்டும் சொல்லும் மனிதராகிவிட்டார். சான்று போய்விட்டது, பாராட்டிய மனமும் போய்விட்டது.

செய்ய வேண்டியது: "ஏற்றப்பாட்டுக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் கட்டுரையாளர் ஏற்றத்தையும் கமலையையும் ஒன்றென்று நினைத்துவிட்டார். ஏற்றத்தில் ஆள்தான் மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கமலையில் மாடு. இறங்குபாதையில் போய்ச் சாலை மேலே இழுக்கும், பிறகு பின்னோக்கி ஏறிவரும். எங்கள் ஊரில் எல்லாம் கமலைதான், சிலர் கவலை என்பார்கள். படத்தில் இருப்பதும் கமலை, கீழே ஏற்றம் என்று போட்டிருக்கிறீர்கள்." கல்யாணப் பயணம் போயிற்று, வயது போயிற்று. சொன்ன விஷயம் ஒன்றும் குறையவில்லை.

ஒற்றுப்பிழை, ரகர றகரப் பிழை எல்லாம் சொல்லாமல் திருத்துங்கள். பிழையோடு வெளியிட்டு அடைப்புக்குறிக்குள் "அப்படியே" என்று போடுவது எழுதியவரைச் சபையில் அவமானப்படுத்துவது. ஆனால் சொல்லை மாற்றாதீர்கள். யாழ்ப்பாணத்து வாசகர் "கதைத்தார்கள்" என்று எழுதினால் "பேசினார்கள்" ஆக்க வேண்டாம். கோவைக்காரர் எழுதிய "ஏனுங்க" இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிய வடிவத்தை அவருக்கு அனுப்பிக் கேளுங்கள். தொலைபேசி எண் இருந்தால் படித்துக் காட்டினாலே போதும், மூன்று நிமிட வேலை. கடிதத்துக்குத் தலைப்பு வைப்பதாக இருந்தால் அவர் சொற்களிலிருந்தே எடுங்கள். "கமலையில் மாடு" நல்ல தலைப்பு. "ஏற்றத்தில் ஏமாற்றம்" என்று நீங்கள் சிலேடை செய்தால் அவர் சொல்லாத வசவை அவர் வாயில் போட்டதாகும்.

ஆசிரியர் பெயரும் முகவரியும் போடும் பக்கத்தில் "வெளியிட அனுப்பும் கடிதங்கள் சுருக்கப்படலாம்" என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கட்டும்.

திருத்தமும் எதிர்வாதமும்

திருத்தம் அடுத்த இதழிலேயே வர வேண்டும், கடிதப் பக்கத்தின் தலையில். எந்த இதழ், எந்தப் பக்கம், என்ன அச்சாயிற்று, எது சரி, யார் சொன்னது, இவ்வளவும் இருக்க வேண்டும். "சென்ற இதழ் 23ஆம் பக்கப் படத்தின் கீழே ஏற்றம் என்று வெளியானது தவறு. படத்தில் இருப்பது கமலை. சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி" என்று எழுதி அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். "சில அச்சுப் பிழைகள் நேர்ந்துவிட்டன" என்று பொதுவாக எழுதினால் எது தவறு என்று ஒருவருக்கும் தெரியாது, பழைய இதழை எடுத்துப் பார்ப்பவர் அந்தத் தவறையே மேற்கோள் காட்டுவார்.

ஆள் ஒருவரைக் கடுமையாக மறுக்கும் கடிதம் என்றால் வெளியிடுமுன் அதன் படியைக் கட்டுரையாளருக்கு அனுப்புங்கள், எழுதியவரின் முகவரியை மறைத்துவிட்டு. கட்டுரையாளர் அதே இதழில் அடியிலேயே பதில் எழுதி முடித்துவிட்டால், வாசகரைக் கைகட்டி நிற்கவைத்து அடித்ததுபோல ஆகும். கடிதம் ஒரு இதழில், கட்டுரையாளர் பதில் அடுத்ததில், விரும்பினால் வாசகரின் கடைசிச் சொல் அதற்கடுத்ததில். பிறகு "இந்த விவாதம் இத்துடன் முடிகிறது". கடைசிச் சொல்லை வாசகருக்குக் கொடுங்கள், கட்டுரையாளருக்கு எழுத இன்னும் எத்தனையோ பக்கங்கள் கிடைக்கும். கடிதத்தின் கீழே ஆசிரியர் குறிப்புப் போட நேர்ந்தால் இரண்டு வரி, அதுவும் தகவலுக்கு மட்டும்.

போடக்கூடாதவை

"வாசகர் கருத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல" என்று அச்சடித்தால் தப்பித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எதைப் போடுவது என்று முடிவு செய்கிறவர்தான் ஆசிரியர். அவதூறை எழுதுவது மட்டுமல்ல, வெளியிடுவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் இதற்கான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆக இருந்தவை. ஆகவே பெயர் சொல்லி ஒருவர்மீது பணமோசடி, ஒழுக்கக்கேடு, திருட்டு என்று குற்றம் சாட்டும் கடிதம் வந்தால், எழுதியவர் யார் என்று உறுதிசெய்யுங்கள், ஆதாரம் கேளுங்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேளுங்கள். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் போடாதீர்கள்.

கதைத் திருட்டுக் குற்றச்சாட்டும் இந்த வகைதான். இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒப்பிடாமல் "தழுவல்" என்ற சொல்லைக்கூட அச்சில் ஏற்றக்கூடாது.

பெயரை மறைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேலை காரணமாக, வீட்டுக்குப் பயந்து, ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்து. மறைக்கலாம். ஆனால் உண்மையான பெயரும் முகவரியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கும் தெரியாமல் வரும் மொட்டைக் கடிதத்தைப் போடாதீர்கள்.

சாதியைச் சொல்லித் திட்டுவது, மிரட்டுவது, ஆபாசம்: பதிலும் வேண்டாம், அச்சும் வேண்டாம். கிழித்தும் போடாதீர்கள். கவரோடு தனி உறையில் வையுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் காட்ட வேண்டியது அந்தக் கவரும் முத்திரையும்தான். ஆனால் கோபமாக எழுதப்பட்ட எல்லாமே இந்த உறைக்குப் போய்விடக்கூடாது. முதல் பத்தி முழுக்கச் சாபமாக இருந்து மூன்றாம் பத்தியில் சரியான ஒரு பிழையைச் சுட்டியிருப்பார்கள். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு மூன்றாம் பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள்.

முகவரி விஷயத்தில் பழைய பத்திரிகைப் பழக்கம் இன்று ஆகாது. பேனா நண்பர் காலத்தில் கதவு எண் உட்பட அச்சடித்தார்கள். இப்போது பெயரும் ஊரும் போதும். பெண் வாசகர்களிடம் ஊர்ப்பெயர் போடலாமா என்று கேட்டுவிடுங்கள். சின்ன ஊரில் அந்தப் பெயரில் ஒருவர்தான் இருப்பார். "அவர் எண் வேண்டும், பாராட்ட வேண்டும்" என்று யார் கேட்டாலும், எழுத்தாளரே கேட்டாலும், கேட்டவரின் எண்ணை வாசகருக்கு அனுப்புங்கள். வாசகரின் எண்ணை யாருக்கும் தராதீர்கள்.

அந்தரங்கமாக எழுதுகிறவர்கள்

ஒரு கதை யாரோ ஒருவரின் வீட்டுக்குள் போய்விடும். அவர் தன் மணவாழ்க்கையை, செத்துப்போன பிள்ளையை, யாரிடமும் சொல்லாத ஒன்றை ஆறு பக்கம் எழுதி அனுப்புவார். "வெளியிட வேண்டாம்" என்று எழுதியிருக்கமாட்டார், ஆனால் அது வெளியீட்டுக்கு அல்ல. நோட்டில் பெயரும் தேதியும் மட்டும் பதியுங்கள், விஷயத்தை எழுதாதீர்கள். அலுவலகத்தில் சத்தம்போட்டுப் படிக்காதீர்கள். கதாசிரியருக்கு அனுப்பலாமா என்று கடிதம் எழுதியவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பதிலில் அறிவுரை வேண்டாம். படித்தோம், பத்திரமாக வைத்திருக்கிறோம், திருப்பி வேண்டுமானால் அனுப்புகிறோம் என்று எழுதுங்கள்.

தன் சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் ஏழு நாள் கெடு பொருந்தாது. எண் இருந்தால் அன்றைக்கே அழைத்துப் பேசுங்கள், கேளுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டு எண்ணையும் கொடுங்கள். எண் இல்லாவிட்டால் கவரில் எழுதி அன்றைய தபாலிலேயே சேருங்கள். இந்தக் கடிதத்துக்குக் கார்டு கூடாது, தபால்காரரும் வீட்டாரும் படிக்கும்படி எதையும் எழுதக்கூடாது.

கடிதமே வராவிட்டால்

"உங்கள் மேலான கருத்துகளை எழுதுங்கள்" என்ற வரிக்கு யாரும் பேனா எடுப்பதில்லை. பதில் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். அளவைகள் பற்றிய கட்டுரையின் முடிவில் "உங்கள் ஊரில் ஒரு மரக்கால் எத்தனை படி? படிக்கு வேறு பெயர் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். இடத்துக்கு இடம் கணக்கு மாறும் என்பதால் ஒவ்வொருவர் பதிலும் புதிது. ஒரு இதழுக்கு ஒரு கேள்விதான். ஐந்து கேட்டால் பரீட்சைபோல ஆகிவிடும். வந்த பதில்களை இரண்டு இதழுக்குள் தொகுத்து, சொன்னவர்கள் பெயரோடு வெளியிடுங்கள். வெளியிடாவிட்டால் இரண்டாவது கேள்விக்கு யாரும் எழுதமாட்டார்கள்.

நூறு சந்தாதாரர்களுக்கு இதழோடு உங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்றை வைத்து அனுப்பலாம், நூறு அட்டைக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்தான் ஆகும். அச்சடித்த முகவரியைவிடக் கையால் எழுதியது நல்லது. வெளிநாட்டுச் சந்தாதாரர்களுக்கு இது பயன்படாது, அவர்களுக்கு மின்னஞ்சலே வழி.

வைத்துக்கொள்வதும் தொகுப்பதும்

கடிதத் தாள் உங்களுடையது, அதிலுள்ள எழுத்து எழுதியவருடையது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு வாரிசுகளுக்கு உண்டு. இதழில் போட அனுப்பிய கடிதத்தைப் பிறகு நூலாகத் தொகுக்க நினைத்தால் தனியாக அனுமதி கேளுங்கள். சாதாரணக் கடிதங்களை மூன்று வருடம், விவாதம், திருத்தம் தொடர்பானவற்றை நிரந்தரமாக வையுங்கள். ஆண்டுவாரியாகக் கட்டி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைத்தால் கரையானுக்கும் ஓதத்துக்கும் தப்பும்.

திரும்பி வரும் இதழ்களையும் இந்த நோட்டோடு சேர்த்துப் பாருங்கள். உறைமேல் தபால்காரர் எழுதியிருப்பார். "டோர் லாக்டு" என்றால் மறுபடி அனுப்புங்கள். "லெஃப்ட்" (வீடு மாறிவிட்டார்) என்றால் எண்ணில் அழைத்துப் புது முகவரி கேளுங்கள். "முகவரி போதாது" என்றால் பெரும்பாலும் உங்கள் முகவரிச் சீட்டில் ஒரு வரி விழுந்திருக்கும். சில சமயம் "டிசீஸ்டு" (இறந்துவிட்டார்) என்று வரும். அன்றைக்கே முகவரிப் பட்டியலில் குறித்துவிடுங்கள், சந்தா முடிந்த நினைவூட்டல் அந்த வீட்டுக்குப் போய்விடக்கூடாது. நோட்டைப் புரட்டி அவர் கடிதங்கள் எந்தெந்த இதழில் வந்தன என்று எடுங்கள். அந்தப் பக்கங்களை நகலெடுத்து, அவர் எதைப் பற்றியெல்லாம் எழுதினார் என்று ஐந்தாறு வரி எழுதி, வீட்டாருக்கு அனுப்புங்கள். அசல் கடிதங்கள் வேண்டுமா என்றும் கேளுங்கள். கேட்டால் கொடுத்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு, நோட்டின் குறிப்புக் கட்டத்தில் தேதியோடு எழுதிவிடுங்கள்.